மானுவேலின் தாயார் காலமான செய்தி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனாலேயே பாடாங் மைதானத்துப் பக்கம் போய்க் கால்பந்து பார்க்கிற பழக்கம் எனக்கு ஏற்படவில்லை. ஒரு பந்தை எதற்காக அத்தனை பேர் துரத்துகிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு முழுசாக விளங்கியதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவமணி தன் புருஷனுக்காகக் கொடுத்த மனுவை விசாரிக்க வந்திருக்கும் தாங்கள், நான் ஏதோ ஆட்டவெறியில் அப்படிச் செய்துவிட்டேன் என்று எண்ணிவிடக் கூடாது. நான் செய்ததெல்லாம் நிதானமாக யோசித்துச் செய்தது.

என் பெயர் வில்லியம். பகலில் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். மாலையில் ஷேக் அலாவுதீன் அவர்கள் நடத்தும் நாளேட்டில் வெளிநாட்டுத் தந்திகளைத் தமிழாக்கிக் கொடுப்பவன். இரண்டு இடத்திலும் பிறர் சொன்னதை நான் சொல்லவேண்டும். என் சொந்த வாயால் நான் என்ன சொல்வேன் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டின் தொடக்கத்தில் ஒரு நாள், விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலை காலியாக நின்றது.

"ஏதாச்சும் போடுங்க லா, வில்லியம்," என்றார் முதலாளி. "வெள்ளையா விட்டா பேப்பரு செத்துப்போன மாதிரி இருக்கு."

கையில் இருந்தது, பிரேசில் தேசத்தில் எவையோ இரண்டு கழகங்கள் மோதின என்ற ஒரு வரித் தந்தி. ஒரு வரியால் மூலை நிறையுமா? நான் நிறைத்தேன். ரியோ நகரில் புனித அந்தோணியார் கழகம் என்று ஒன்றை நிறுவினேன். ஆட்டக்காரர்களுக்குப் போர்த்துகீசியப் பெயர்கள் வேண்டியிருந்தன. எங்கள் கோயிலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆர்கன் வாசிக்கும் கிழவர் ரொட்ரிக்ஸ் கோல்காவலர் ஆனார். ஊன்றுகோலோடு நடக்கும் பல் டாக்டர் டி சூசா இடது ஓரத்தில் மின்னலாகப் பாய்ந்தார். முன்னணி ஆட்டக்காரனுக்கு மட்டும் யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. மானுவேல் என்று நானே வைத்தேன். துறைமுகத்தில் மீன் பொரித்து விற்கும் ஒரு விதவையின் ஒரே மகன்.

அடுத்த வாரம் ஷேக் அலாவுதீன் அவர்களே என் மேசைக்கு வந்தார். "அந்த மானுவேலு இந்த வாரம் என்ன செஞ்சான்?" என்றார்.

மானுவேல் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. வாரந்தோறும் ஆடினான். மழையில் ஆடினான், காய்ச்சலோடு ஆடினான், எதிர்க் கழகத்தார் வீட்டுக்கு அனுப்பிய தங்கக் கடிகாரத்தைத் திருப்பி எறிந்துவிட்டு ஆடினான். சுங்கை பாக்காப் தோட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டுப் பேப்பர் வாசித்தார்களாம். நிபோங் திபாலில் முருகனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு மானுவேல் என்று பெயர் வைத்து, காது குத்துக்கு என்னை அழைத்தார்கள். அதுவரை நான் வெறும் இன்டர்பிரட்டர். அதன் பிறகு வில்லியம் சார். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். என் மனைவி அன்னமேரிக்குக் கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். இதில் யாருக்காவது கெடுதல் உண்டா, தாங்களே சொல்லுங்கள்.

ஜூன் மாதம் பிரேசிலின் தேசிய அணி பிரான்சுக்குப் போய் உலகக் கோப்பைக்கு ஆடியது. அது நிஜம், தந்திகள் வந்தன. போலந்தை ஆறுக்கு ஐந்து என்று வென்றார்கள். அந்த ஆறில் இரண்டை மானுவேலுக்குக் கொடுத்தேன். கேட்பாரில்லை. ஆனால் இத்தாலியிடம் தோற்றுவிட்டார்கள். மானுவேல் இருக்கும்போது தோற்க முடியாது என்று நானே ஊரை நம்ப வைத்திருந்தேன். நல்லவேளை, பிரேசிலின் முக்கியமான ஆட்டக்காரர் அன்று இறங்கவில்லை என்று தந்தியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மானுவேலுக்குக் கொடுத்தேன். அவன் இறங்காததற்கு ஒரு காரணம் வேண்டுமே. முதல் நாள் அவன் தாயார் காலமான செய்தி வந்தது என்று எழுதினேன்.

அந்தக் கிழவி மேல் ஜனங்களுக்கு இவ்வளவு பிரியம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மண்டபம் கொள்ளாத ஜனம். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, கத்தோலிக்கர் ஒரு பக்கம், திருநீறு பூசியவர்கள் ஒரு பக்கம், தொப்பி போட்டவர்கள் ஒரு பக்கம். தலைமை நான். தாய்மையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர்தான் நவமணியின் புருஷன் பக்கிரிசாமி. கப்பலில் சமையற்காரர். தங்கப்பல், வெள்ளைக் கோட்டு, ஓயாத வாய். அரபிக்கடலில் திமிங்கலம் பிடித்துக் குழம்பு வைத்ததாகச் சொல்வார். சயாம் ராஜா தன்னோடு கை குலுக்கினார் என்பார். ஊரில் அவரை நம்புகிற ஆள் கிடையாது. ஆனால் அவர் ரியோவில் பல மாதம் இருந்தது உண்மை. அவருடைய கப்பல் அங்கே பழுதாகி நின்றதைக் கேப்டனே ஒரு சம்பள வழக்கில் சாட்சி சொன்னார். மொழிபெயர்த்தவன் நான்.

"எல்லாம் போஹோங் லா!" என்று கத்தினார் பக்கிரிசாமி. "பொய்யில பொய்! அந்த ஊருல ஞாயித்துக்கெழம தவறாம பந்து பாத்தவன் நான். அந்தோணியார் டீமும் இல்ல, மானுவேலும் இல்ல. இல்லாதவனோட ஆத்தாவுக்கு ஒப்பாரி வெக்கிறீங்களே!"

அழுதுகொண்டிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கப்பல் அன்றைக்கே போயிற்று. "கீலா, கீலா" என்று கூட்டம் கூச்சலிட்டது. பைத்தியம் என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை. போலீஸ் வந்து அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவரை அழைத்துக்கொண்டு போனது. மாஜிஸ்திரேட் அவரைப் பரிசோதிக்க டாக்டர் துரையிடம் அனுப்பினார். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்.

தாங்கள் இந்த இடத்தைத்தான் துருவித் துருவிக் கேட்கிறீர்கள். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

எதற்குச் சிரித்தாய் என்று டாக்டர் கேட்டார். "இல்லாத ஒருத்தனோட அம்மா செத்துட்டான்னு ஊரே அழுவுது, அதான் சிரிச்சேன்" என்றார் பக்கிரிசாமி. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே கறுப்புத் துணி கட்டிய கூட்டம் நின்றது.

"அந்த மானுவேல் என்பவர் உண்டா?" என்று என்னைக் கேட்டார்.

"வருஷத் தொடக்கத்திலிருந்தே அவரைப் பற்றிப் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கிறது, துரை," என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

பக்கிரிசாமிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து என்னை நோக்கிக் கையை நீட்டினார். "இந்த ஆளுதான் தொர! இந்த வில்லியமுதான் எல்லாத்தையும் உண்டாக்குனது! டீம உண்டாக்குனது, மானுவேல உண்டாக்குனது, அவன் ஆத்தாளக் கொன்னது, எல்லாம் இவருதான்!"

அதையும் மொழிபெயர்த்தேன். பிரேசில் நாட்டு ஆட்டக்காரர்களை நான் படைத்ததாகவும், ஒரு கிழவியை நான் கொன்றதாகவும் சொல்கிறார் என்றேன். டாக்டர் என்னைப் பரிவோடு பார்த்தார். "கடைசியில் மொழிபெயர்ப்பாளர் மேல்தான் இவர்கள் பழி போடுவார்கள். வருத்தப்படாதீர்கள்" என்றார். நான் வருத்தப்படவில்லை என்றேன்.

மறுநாள் அவரைக் கடல் தாண்டி, ரயிலேற்றி, சித்தம் கலங்கியவர்களை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நவமணி கோர்ட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். சத்தம் போடுகிற பெண் அல்ல. நான் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாள்.

"அண்ணே, அவருக்கு வாய்க்கொழுப்புதாண்ணே. பைத்தியமெல்லாம் இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா டாக்டரு கேப்பாரு."

"நான் என்னம்மா சொல்ல முடியும்? பிறர் சொல்வதை எடுத்துச் சொல்வதுதான் என் வேலை," என்றேன். அவளை நான் ஒருநாளும் விரட்டியதில்லை. மானுவேலின் தாயாரைப் பற்றி நான் வெளியிட்ட நினைவு மலரில் ஒரு பிரதியைக்கூட இலவசமாகக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கே தமிழ் தெரிந்த ஊழியர்கள் உண்டு. ஆனாலும் முதல் பரிசோதனையில் மொழிபெயர்த்தவரே வந்தால் நோயாளியின் மாறுதல் தெரியும் என்று பெரிய டாக்டர் நினைத்தாராம். நவமணியும் அதே ரயிலில் வந்திருந்தாள். மடியில் புருஷனுக்குப் புதுச்சட்டை.

பக்கிரிசாமியை அழைத்து வந்தார்கள். தலை மழித்திருந்தது. கோட்டு இல்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கேட்காமலே பேச ஆரம்பித்தார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மெதுவாக.

"நான் பிரேசிலுக்குப் போனதே இல்லீங்க. கப்பல்ல அந்தப் பக்கமே போவல. மானுவேலு பெரிய ஆட்டக்காரரு. அவரு அம்மாவுக்காவ தெனமும் வேண்டிக்கிறேங்க. வில்லியம் சாரு நல்லவரு."

மொழிபெயர்த்தேன். பெரிய டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தெளிந்துவிட்டார் என்றார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், நல்ல மனிதர், ஒரு விஷயத்தில் மட்டும் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்ட முதல் துரை அவர்தான்.

"உங்களுக்கு இவரைத் தெரியும். இப்போது இவர் சொன்னது உண்மைதானே?"

நான் பக்கிரிசாமியைப் பார்த்தேன். வராந்தாவில் நவமணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ரியோவில் இருந்ததும் மானுவேல் இல்லை என்பதும் எனக்குத் திட்டமாகத் தெரியும். நானோ சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளன்.

"இல்லை, துரை. இவர் சொன்னது அத்தனையும் பொய்," என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பக்கிரிசாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் வேறென்ன செய்திருக்க முடியும்? பொய் சொல்லி ஒரு மனிதன் தப்பித்துப் போவதற்கு நான் உடந்தையாக இருக்க முடியாது.