பதினாலு நாளும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு

பஸ் டிரைவர்: காய்ச்சலா? எனக்கா? என் வண்டியில இஞ்சினே சூடாகாது சிஸ்டர்!

நர்ஸ்: தினமும் காய்ச்சல் எழுதச் சொன்ன இந்த நோட்டுல பதினாலு நாளும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு இருக்கேக்கா. ஒரே பேனா, ஒரே எழுத்துச் சாய்வு...

பஸ் டிரைவர்: நல்ல டிரைவர்னா ஒரே வேகத்துலதான் போவா.

நர்ஸ்: உங்க ரத்தம் வேற கதை சொல்லுது. அந்த மஞ்சள் காமாலை வைரஸ் பத்துல ஒரு பங்கா இறங்கிடுச்சு.

பஸ் டிரைவர்: அடேங்கப்பா! நாப்பது வருஷமா நகராம உக்காந்திருந்ததா? எப்படி சிஸ்டர் கிளப்பினீங்க?

நர்ஸ்: உங்க உடம்புல வைரஸை எதிர்த்து அடிக்கற செல்லுங்க செத்துப் போகலக்கா. வருஷக்கணக்கா ஒரே எதிரியோட மல்லுக்கட்டி ஓஞ்சுடுச்சுங்க. உடம்பே பிரேக் போட்டு நிறுத்திடுச்சு. இந்த ஊசி அந்தப் பிரேக்கை எடுத்துவிடும்; செல்லுங்க மறுபடி சண்டை போட ஆரம்பிச்சா காய்ச்சல் வரும்.

பஸ் டிரைவர்: பிரேக் இல்லாம நானும் ஒரு மலை இறங்கியிருக்கேன்...

நர்ஸ்: பேச்சை மாத்தாதீங்க...

பஸ் டிரைவர்: நடுவுல ஒருத்தர் கைகாட்டினார். "நிக்காது, ஓடிவந்து ஏறுங்க"ன்னேன். ஏறின மனுஷன் ஜன்னல் சீட்டு கேக்கறார் சிஸ்டர்!

நர்ஸ்: அக்கா... கல்லீரல் வீக்கத்தைக் காட்டற எண்ணு மூணு மடங்கு ஏறியிருக்கு. வண்டி எங்க போய் மோதுதுன்னு பாக்கத்தான் காய்ச்சலை எழுதச் சொல்றோம். ஏறினா அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவோம். மறைச்சா கல்லீரலே போயிடும்.

பஸ் டிரைவர்: ...மூணு நாள் காய்ச்சல். நடுக்கத்துல கட்டில் ஆடின ஆட்டத்துல பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தைத் தட்டினார்.

நர்ஸ்: ஏன் மறைச்சீங்க?

பஸ் டிரைவர்: என் மக. பொறக்கறப்பவே என்கிட்டயிருந்து இதே வைரஸ் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. இந்த ஊசி ஆராய்ச்சியில நீயும் சேருடின்னா, "முதல்ல உனக்கு என்ன ஆகுதுன்னு பாக்கறேன்"ங்கறா. காய்ச்சல்னு தெரிஞ்சா ஓடிடுவாளே... அதான் போர்வைக்குள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு...

நர்ஸ்: அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்க.

பஸ் டிரைவர்: ஏய்... நீ எப்படி வந்தே? கையில என்ன பஞ்சு?

மகள்: நூத்திரெண்டும்மா. மூணு நாளும் நீ அசந்தப்புறம் நான்தான் கக்கத்துல வெச்சுப் பாத்தேன். அதை சிஸ்டர்கிட்ட சொன்னதும் நான்தான். சொல்லிட்டுக் கையோட ஆராய்ச்சியில சேரக் கையெழுத்துப் போட்டு, ரத்தமும் குடுத்துட்டேன். காய்ச்சலே வரலேன்னு நீ சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும்தான் எனக்கு இந்த ஊசி மேல நம்பிக்கை வரல.