வாயாடி எழுதிய பதில்கள்

பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவை மறப்பார்கள், குடையை மறப்பார்கள். ஆனால் கடவுச்சொல்லை மறக்கிற மாதிரி வேறு எதையும் மறக்கமாட்டார்கள். அதனால் பள்ளிச் செயலிக்கு ஒன்பதாம் வகுப்பில் எல்லாருக்கும் நானே ஒரே முறையில் போட்டுக் கொடுத்தேன். முதலில் வருகைப் பதிவு எண், பிறகு பிறந்த ஆண்டு. அவரவர் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒருத்தியும் மாற்றவில்லை.

அதிகாரி அம்மா, நீங்கள் மற்ற ஆசிரியர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. பாவம், அவர்களுக்கு அந்தச் செயலியைத் திறக்கவே தெரியாது. "கணக்கு தெரிஞ்சவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமலா இருக்கும்?" என்று தலைமையாசிரியர்தான் அதை என் தலையில் கட்டினார். வீட்டுப்பாடம், மதிப்பெண், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பகுதி என்று எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் மட்டும்தான் இல்லை. ஏன் வருவதில்லை என்று, வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளையைக் கேட்டேன். "அது போலீஸ் ஸ்டேஷன் மிஸ். யாராவது பாத்துட்டே இருப்பாங்க" என்றாள். அவர்களுக்கென்று சொந்த ஃபோன் இருந்தது, அதில் சொந்தக் குழு இருந்தது. விடையைப் படம் எடுத்து அனுப்புவது, சந்தேகம் கேட்பது, என்னைக் கிண்டல் பண்ணுவது எல்லாம் அங்கேதான். எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் ஜாமெட்ரி பாக்ஸ். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் அந்தச் செயலியில் இருந்தாள். மைனா. வாயைத் திறக்காமலே விசிலடிப்பாள், யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் அந்தப் பெயர். சாலையில் வண்டி இடித்து இடுப்பெலும்பு உடைந்து படுத்துவிட்டாள். உள்ளே வைத்த கம்பியில் சீழ் பிடித்தது, மறுபடி அறுத்தார்கள். கிருமி தொற்றும் என்று பார்க்க யாரையும் விடவில்லை. அப்பா இல்லை. அம்மா மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள், வீட்டில் இருந்த ஒரே ஃபோனை அவள் வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள். படிப்பு போகக் கூடாதே என்று பள்ளிக்கூடம் ஒரு டேப்லெட் கொடுத்தது. அதில் பள்ளிச் செயலி தவிர வேறெதுவும் ஓடாது.

மைனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். வாயாடி, நெட்டை, பட்டாணி. கெட்ட பிள்ளைகள் இல்லை, மறந்துபோகிற பிள்ளைகள். கொஞ்ச நாள் எழுதினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். மைனாவுக்கு எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். "சரி மிஸ்" என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள். வாயாடி மட்டும் எழுந்து, "மிஸ், பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்றாள்.

கடைசி மணி அடித்த பிறகு ஆசிரியர் அறைக் கணினியில் அவள் கணக்கைத் திறந்தேன். சரி பண்ணிக் கொடுக்கத்தான் திறந்தேன். உள்ளே மைனா எழுதியது அத்தனையும் படிக்கப்படாமல் கிடந்தது.

"டி இருக்கியா?"

"பழைய கம்பியை எடுத்துட்டு வேற வெச்சாங்க."

"மூணு பேரும் பிஸியா?"

"சரி, முடிச்சிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

நான் வகுப்பில் பிள்ளைகளை அழவைத்திருக்கிறேனே தவிர அழுததில்லை. அன்றைக்கு அழுதேன். பிறகு, "இருக்கேன்டி. வலிக்குதா?" என்று தட்டினேன். கை எடுப்பதற்குள் பதில் வந்தது. "வலி கிடக்கட்டும், நீ எங்கடி போன?"

அந்த ஒரு வரிக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். "அவ இல்லம்மா, நான் உன் கணக்கு டீச்சர்" என்றா?

மறுநாள் மூன்று பேரையும் கூப்பிட்டு, இனி செயலி வேண்டாம், வீட்டுப்பாடத்தை நோட்டிலேயே எழுதித் தாருங்கள் என்றேன். துள்ளிக் குதித்தார்கள். அப்புறம் அவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மூன்று பேராகவும் நானே எழுதினேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று வருடமாக அவர்கள் பேச்சைக் கேட்டவள் நான். வாயாடி எதற்கெடுத்தாலும் "செத்தேன்" என்பாள். நெட்டை ஒரு சொல்லில் முடிப்பாள். பட்டாணிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். அன்றன்று வகுப்பில் நடந்ததைத்தான் எழுதினேன், முக்கால்வாசி உண்மை. எழுத விஷயம் வேண்டுமே என்று பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். யார் யாரோடு கோபம், யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறாள், எல்லாம் கண்ணில் பட்டது. அந்தச் சில மாதங்கள்தான் நான் நல்ல ஆசிரியையாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

சந்தோஷமாகவும் இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவது தொலைபேசிக் கம்பெனி மட்டும்தான். பதினான்கு வயதில் என் பக்கத்தில் உட்கார யாரும் சண்டை போட்டதில்லை. இப்போது ஒரு பிள்ளை எனக்காக மணி அடிக்கக் காத்திருந்தாள். ஒருமுறை வாயாடியாக, "ஜாமெட்ரி பாக்ஸ் இன்னிக்கு செம கடுப்புடி, செத்தேன்" என்று எழுதினேன். "பாவம்டி மிஸ், அவங்களுக்கும் யாராவது வேணும்ல" என்று எழுதினாள் மைனா. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

நடைப்பயிற்சி தொடங்கியபோது மைனா நிற்கவே மறுத்தாள். பயிற்சி கொடுக்கிறவர் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும், அதாவது நான், ஒரு ஏற்பாடு செய்தோம். ஓர் அடி வைத்தால் ஒரு ரகசியம். முதல் அடிக்கு நெட்டையின் ரகசியம். அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று சொன்னோம். அது நான் இட்டுக்கட்டியது. நடுவில் என் ரகசியங்களும் சில கலந்துபோயின. மைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் அம்மா வேலை உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வகுப்புப் பிள்ளைங்க தங்கம் மிஸ். அதுங்கதான் என் பொண்ணை எழுப்பி நிக்கவெச்சுது." அந்த நேரம் வாயாடி எங்களைக் கடந்துபோனாள். மைனாவின் அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். வாயாடி ஒன்றும் புரியாமல் சிரித்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

இடையில் மைனா, "உங்க குரலைக் கேக்கணும், ஒரு வாய்ஸ் போடுங்கடி" என்று பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடம் முழுவதற்கும் குரல் அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டேன். யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் பயன்படுத்தினால்தானே.

பிறகு ஒருநாள் அவள் எழுதினாள். "டாக்டர் ஓகே சொல்லிட்டார். அடுத்த மாசம் ஸ்கூல். நம்ம பெஞ்சுல என் இடம் இருக்குல்ல?"

அவள் வந்து உட்கார்ந்தால் எல்லாம் வெளுத்துவிடும். புலிவாலைப் பிடித்தவள் பிடித்துக்கொண்டும் இருக்க முடியாது, விடவும் முடியாது. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், நம்புங்கள். ஒருநாள் அவர்கள் தெருவரை போனேன். மைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அவளாகவே வர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் யாருக்கும் சேதம் இல்லை என்று தோன்றியது. முதலில் பட்டாணியாக எழுதினேன். "படிக்கட்டுல எல்லாரும் இடிப்பாங்கடி, இன்னும் ஒரு வருஷம் வீட்லயே படியேன்." "நீங்க மூணு பேரும் பிடிச்சுக்க மாட்டீங்களா?" என்றாள். நெட்டையைப் பேசாமல் இருக்கவைத்தேன். பட்டாணியையும் நிறுத்தினேன். அப்போதும் அவள் வருவதாகத்தான் இருந்தாள். சீருடை பத்தவில்லை, அம்மா தையல் பிரித்துக் கொடுத்தாள் என்று எழுதினாள்.

வேறு வழி இல்லாமல்தான் வாயாடியாக அதை எழுதினேன். நீங்கள் படித்திருப்பீர்கள். "உண்மையைச் சொல்லிடறேன். மிஸ் சொன்னாங்கன்னுதான் உன்கூட இவ்வளவு நாள் பேசினோம். உன் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நீ நொண்டிக்கிட்டு வந்து எங்க பெஞ்சுல உக்காந்தா எங்களையும் சேத்துச் சிரிப்பாங்க. தயவுசெஞ்சு வராத." ஒரு பிள்ளை எப்படி எழுதுமோ அப்படி இருக்க வேண்டுமே என்று இரண்டு மூன்று தடவை திருத்தினேன். அனுப்பிய பிறகு கணினியை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்தினேன்.

அவள் வாயாடிக்குப் பதில் எழுதவில்லை. என்னுடைய சொந்தக் கணக்குக்கு எழுதினாள், முதல் தடவையாக. "மிஸ், அவங்க மேல கோபப்படாதீங்க. நான்தான் ரொம்பத் தொல்லை பண்ணிட்டேன்." சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் போட்டேன். ஆசிரியையாக எனக்கு வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அதன்பிறகு அவள் எழுந்து நிற்கவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். விட்டதைப் பிடிக்க முடியாது, தசை இறுகிவிட்டது என்று அவர் கைவிட்டுவிட்டார். இப்போது சக்கர நாற்காலி. அவள் அம்மா டேப்லெட்டைக் கொண்டுவந்து தலைமையாசிரியர் மேசையில் வைத்தபோது அழவில்லை. "தங்கம்னு சொன்னேனே மிஸ்" என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

விசாரணையில் என்னையும் உட்காரவைத்தார்கள், வகுப்பாசிரியை என்பதால். மூன்று பேரும் நாங்கள் எழுதவில்லை என்றார்கள். "பேர் உங்க பேரு, கணக்கு உங்க கணக்கு. பேய் வந்து எழுதுச்சா?" என்றார் தலைமையாசிரியர். வாயாடி என்னைப் பார்த்தாள். "மிஸ், எனக்கு பாஸ்வேர்டே தெரியாதுன்னு உங்ககிட்டச் சொன்னேன்ல மிஸ்?" எனக்கு நினைவில்லை என்றேன். ஆனால் ரொம்பக் கண்டிக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் என்று மூவருக்காகவும் பரிந்து பேசினேன். குறிப்பில் பாருங்கள், இருக்கும். நெட்டை மூன்றாம் நாள், நான்தான் எழுதினேன் என்று செய்யாததை ஒப்புக்கொண்டாள். வீட்டில் அடி தாங்கவில்லையாம். வாயாடியை அவள் அப்பா பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிட்டார். இப்போது அவள் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

பெற்றவர்கள் மூன்று பேரையும் மைனா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க இழுத்துப் போயிருக்கிறார்கள். நெட்டையும் பட்டாணியும் கேட்டுவிட்டார்கள். வாயாடி கேட்கவில்லை. மைனா நெட்டையைக் காட்டி, "இவளுக்கு இருட்டுன்னா பயம்தானேடி?" என்று அவளிடம் கேட்டாளாம். "யாருக்குடி இருட்டுன்னா பயம்? எனக்கு ஒண்ணுமே புரியலைடி" என்று வாயாடி அழுதிருக்கிறாள். பெரியவர்கள் ஒருத்தரும் நம்பாததை மைனா நம்பினாள். அன்றைக்கே அம்மாவை அனுப்பிப் பள்ளிக்கூடத்திலிருந்து டேப்லெட்டைத் திரும்ப வாங்கி வாயாடியின் கணக்குக்கு அந்த ஒரு வரியை எழுதினாள். அதை அவள் அம்மா பார்த்ததால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எல்லாம் நான்தான் எழுதினேன். வாயாடியாக, நெட்டையாக, பட்டாணியாக. அந்தப் பிள்ளையை நடக்கவைத்ததும் நான், உட்காரவைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். என் வேலை போகட்டும்.

ஒன்றே ஒன்று. அந்த டேப்லெட்டை இப்படித் திருப்பி வையுங்கள். கடைசி வரி தெரிகிறதா? "நீங்க யாரு?" இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அவள் என்னை "நீங்க" என்று சொன்னதில்லை. எப்போதும் டி போட்டுத்தான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். நீங்கள் எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாயாடியின் கணக்கை ஒரு நிமிடம் திறந்து கொடுங்கள், அம்மா. நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பெரிதாக ஒன்றும் எழுதமாட்டேன். பதில் தயாராக இருக்கிறது.

"என்னடி புதுசா 'நீங்க'ன்னு? நான் வாயாடிதான்டி."