படலையில் வேப்பங்குழை

— தம்பி கிருசாந்தன், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. ஒரு வீட்டிலை அம்மாள் எத்தினை நாளைக்கு நிப்பா?

— அது... ஆளைப் பொறுத்தது மாமி.

— எங்கட உடையார்கட்டிலை ஆருக்கு வந்தாலும் ரெண்டு கிழமை. தண்ணி வாத்தா இறங்கிப் போயிடுவா. உன்ரை படலையிலை மூண்டு மாசமா வேப்பங்குழை தொங்குது.

— தங்கச்சிக்குக் கொஞ்சம் கடுமையா வந்திட்டுது...

— கொப்புளம் ஒண்டையும் காணேல்லையே.

— நீங்கள் எப்ப பிரியந்தினியைக் கண்டனீங்கள்?

— முந்தாநாள். வேலிக்கு மேலாலை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வாழைக்குக் கீழை கதிரையிலை இருந்தவள். முகம் துடைச்சு வைச்ச விளக்கு மாதிரிக் கிடக்கு.

— மாமி, மாமி... உள்ளுக்கு வராதேங்கோ. அதிலையே நில்லுங்கோ.

— நான் இன்னும் படலையைத் தொடேல்லை. உன்ரை வாளியும் சவுக்காரமும் இஞ்சைதான் கிடக்கு. அம்மாள் வந்த வீட்டிலை சவுக்காரம் போட்டுக் கை கழுவச் சொன்ன முதல் ஆள் நீதான்ரா. சொல்லு. நானும் உன்ரை அம்மாவும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். அவ உயிரோடை இருந்திருந்தா என்னட்டைத்தான் முதல்ல ஓடி வந்திருப்பா.

— சரி. இனி மறைச்சு என்ன செய்யிறது. நேற்று கிளினிக்கிலை டொக்டர் சொல்லிப்போட்டார், அவள் இனி வெளியாலை போகலாமாம். மாமி... அவளுக்கு அம்மாள் இல்லை. இரத்தப் புற்றுநோய்.

— ம்.

— நீங்கள் திடுக்கிடேல்லை.

— வயசு போன மனிசி, மெல்லமாத்தான் திடுக்கிடுவன். நீ சொல்லு.

— கொழும்புக்குப் படிக்கப் போனவள் எண்டு நான் சொன்னது பொய். ஆஸ்பத்திரியிலை கிடந்தவள். கடும் மருந்து ஏத்தி, பழைய இரத்தம் ஊறுற இடத்தையே வெறுமையாக்கி, பிறகு என்ரை இரத்தத்திலை இருந்து அணுக்களைப் பிரிச்செடுத்து அவளுக்கு ஏத்தினவை. விதைநெல்லு மாதிரி. அது அவளின்ரை எலும்புக்குள்ளை போய் முளைச்சுப் புது இரத்தம் உண்டாக்க வேணும்.

— உன்னட்டை எடுத்ததோ? பாவம் பிள்ளை. இனி அவளும் உன்னை மாதிரிக் காலமை பத்து மணிக்குத்தான் எழும்புவாள்.

— பகிடி விடாதேங்கோ மாமி. இரத்த வகைகூட மாறிட்டுது. முந்தி அவள் ஏ. இப்ப என்னை மாதிரி ஓ.

— சரி... முளைச்சுதோ?

— முளைக்க முந்திக் காய்ச்சல் வந்திட்டுது. ஒன்பதாம் நாள். நோயோடை சண்டை பிடிக்கிறது வெள்ளை அணுவாம். அது அவளிலை ஒண்டுகூட இல்லை. சுவரிலை ஒரு பலகை. ஒவ்வொரு நாள் காலமையும் எழுதுவினம். சைபர். சைபர். சைபர். அந்த நேரம் பாத்து இரத்தத்துக்கை ஒரு கிருமி.

— எங்கையிருந்து வந்தது?

— முதலே வயித்துக்கை ஒளிச்சுக் கிடந்ததாம். காவல் இல்லையெண்டு கண்டவுடனை இரத்தத்துக்கை இறங்கிட்டுது.

— கிருமிக்கு மருந்து இருக்குத்தானே.

— அதுதான் மாமி கதை. ஒரு தட்டிலை அந்தக் கிருமியை வளர்த்து, மருந்து ஊறின சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகளை அதுக்கு மேலை வைப்பினமாம். மருந்துக்குக் கிருமி சாகுமெண்டா பொட்டைச் சுத்தி வட்டமா வெறுமையாக் கிடக்கும். டொக்டர் படம் காட்டினவர். பன்ரெண்டு பொட்டு. பதினொண்டைச் சுத்தி ஒரு வட்டமும் இல்லை. பொட்டை முட்டிக்கொண்டு நிக்குது கிருமி.

— பன்ரெண்டாவது?

— ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான். அந்த மருந்தும் கிட்னியைக் கெடுத்துப்போடுமாம். ஆனா வேறை ஒண்டுமில்லை.

— டொக்டர் என்ன சொன்னவர் கிருசாந்தன்?

— இப்பிடிக் கிருமி வந்த ஆக்களிலை பாதிப்பேர்தான் தப்புவினம் எண்டவர். நல்ல மனிசன். என்னைக் கதிரையிலை இருத்தி, தண்ணி தந்து, கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவர்.

— பிரியாவுக்குச் சொன்னனியோ?

— இல்லை. இண்டைவரைக்கும் இல்லை. சின்னக் காய்ச்சல் எண்டுதான் சொன்னனான். நீங்களும் வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் வெளியாலை வரப்போறாள் எண்ட சந்தோசத்துக்குள்ளை எனக்குள்ள பயம் அதுதான்.

— தப்பின பிள்ளைக்குச் சொன்னா என்ன?

— சொன்னா மற்றதையும் சொல்ல வேணும். அந்தக் கிருமியை வளர்த்தது நான் மாமி.

— விசர்க் கதை.

— நோய் இன்னதெண்டு தெரிய முந்தி, அவளுக்குக் காய்ச்சல் வந்து வந்து போச்சுதெல்லே? ரவுணிலை பாமசிக்குப் போய், டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் நாலு கப்சூல், ஆறு கப்சூல் எண்டு வாங்கினனான். காய்ச்சல் விட்டவுடனை நிப்பாட்டி, மிச்சத்தை அலுமாரியிலை வைச்சு, அடுத்த காய்ச்சலுக்கு அதைக் குடுத்தனான். வயலிலை ஒரே களைமருந்தை அரையும் குறையுமா அடிச்சா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? சாகாமல் மிஞ்சின களை அடுத்த போகம் சிரிச்சுக்கொண்டு நிக்கும். வயலிலை விளங்கினது வீட்டிலை விளங்கேல்லை.

— உதை டொக்டரிட்டைக் கேட்டனியோ?

— கேட்டனான். எங்கையிருந்தும் வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியிலை இருந்தும் வந்திருக்கலாம், இன்னதாலை எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது எண்டவர்.

— பேந்தென்ன?

— அவர் சொல்லுவார். குடுத்த கை இதெல்லே.

— சரி, கையை விடு. மிச்சத்தைச் சொல்லு.

— அந்த ஒரு மருந்தாலை கிருமியை மறிச்சுக்கொண்டு, என்ரை அணு முளைக்குமட்டும் காவல் இருந்தம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா சலம் போறதை அளந்தவை, கிட்னி நிண்டுபோகுமோ எண்டு. பதினாலாம் நாள் சைபர். பதினைஞ்சு, சைபர். பதினாறாம் நாள் காலமை நேர்ஸ் பலகையை அழிச்சுப்போட்டு எழுதினா. நூறு.

— நூறோ...

— அடுத்த நாள் முந்நூறு. அதுக்கடுத்த நாள் எழுநூறு. பத்தொன்பதாம் நாள் இரத்தத்திலை கிருமி இல்லை. கிட்னியும் தப்பியிட்டுது. அவள் தனியறைக் கண்ணாடிக்கு அங்காலை நிண்டு இடியப்பம் வேணுமெண்டு சைகை காட்டினாள். நான் எல்லாருக்கும் முன்னாலை நிண்டு குழறி அழுதனான் மாமி.

— குழறத்தானே வேணும். வெண்டிட்டியள்.

— வெண்டிட்டம். அணு ஏத்தி ஆறு மாசம் முடிஞ்சுது. நேற்றையச் சோதனையிலை புற்றுநோயும் இல்லை, வயித்துக்கை அந்தக் கிருமியும் இல்லை. ஊர் முழுக்கக் கேக்கக் கத்த வேணும் போலை கிடக்கு.

— கத்தன். ஆர் மறிச்சது?

— ஊரைப் பேய்க்காட்டினனானெல்லே. அதுவும் அம்மாளின்ரை பேரிலை. டொக்டர் வரவேண்டாமெண்டவர் எண்டா எங்கட சனம் கேக்குமோ? பாக்க வராட்டி மரியாதையில்லை எண்டு விசுக்கோத்துப் பெட்டியோடை வந்து கன்னத்தைத் தடவும். குழையைக் கண்டாத்தான் றோட்டிலை நிண்டு கும்பிட்டுப்போட்டுப் போகும். அதுதான் கட்டினனான். ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை.

— மோடா. ஊருக்கு எல்லாம் தெரியும்.

— என்ன?

— சிவராசா கடையிலை தெரியும். தபால்காரனுக்குத் தெரியும். தண்ணீரூற்றிலை இருந்து வந்த உங்கட சின்னம்மாவைச் சந்தியிலை மறிச்சு, அதே பஸ்சிலை திருப்பி ஏத்தினது நான். மழைக்கை குழை அழுகிப்போகப் போக, கிழமைக்கு ஒருக்கா புதுக்குழை கட்டினது முன்வீட்டு மயில்வாகனம்.

— மயில்வாகனம் அண்ணையோ? நான்... பச்சை மாறாமல் கிடக்குது, அம்மாள்தான் காக்கிறா எண்டெல்லே நினைச்சனான்.

— கட்டின பொய்யை நீயே கும்பிட்டிருக்கிறாய்.

— சிரிக்காதேங்கோ மாமி. உங்களுக்கு ஆர் சொன்னது?

— உனக்குப் பின்னாலை நிக்கிறவளைக் கேள்.

— பிரியா... நீ எவ்வளவு நேரமா இதிலை நிக்கிறாய்?

— கப்சூல் கதைக்கு முந்தி இருந்து நிக்கிறன் அண்ணா. மாமிக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து நான்தான் போன் எடுத்தனான். நாங்கள் வரேக்கை வீட்டை ஒருத்தரும் வரக்கூடாது, பாத்துக்கொள்ளுங்கோ எண்டு. ஒன்பதாம் நாள்.

— ஒன்பதாம் நாளோ? அண்டைக்கே உனக்குக் கிருமி விசயம்...

— ஓம். கப்சூல் விசயமும் யோசிச்சனான். நீ தந்தாய், அரைவாசியிலை நிப்பாட்டினது நானுந்தான். அது ரெண்டு பேரின்ரை பிழை. தனியக் காவாதை.

— பாதிப்பேர்தான் தப்புவினம் எண்ட கதை... அதும் உனக்குத் தெரியுமோ?

— டொக்டர் அதை முதல்ல என்னட்டைத்தான் சொன்னவர் அண்ணா. உன்னைக் கதிரையிலை இருத்தி, கையைப் பிடிச்சுக்கொண்டு மெல்லமாச் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டனான்.