கிராணியின் நாற்காலி

ரந்தாவ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“தோட்டத்து மியூசியத்துல, அந்தக் காலத்துல கணக்கெழுதி அதிகாரம் பண்ணுன கிராணியோட நாற்காலிய ஒடச்சது இவதான்.”

“ஐயோ! எப்படிக்கா?”

“ஏறி நின்னு ஆடுனா. ஒரு கால் முறிஞ்சிருச்சு. உள்ள பூரா கரையான் லா. வாசல்ல காவலுக்கு நின்ன ஜாகா ஓடியாந்து, ‘பிள்ள யாருது?’ன்னான். ‘பிள்ள என்னுது, கரையான் யாருது?’ன்னு கேட்டேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். குற்றவாளி வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

“ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா? அதே தோட்டத்துல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவராச்சே.”

“அந்த நாற்காலி முன்னால காலம்பூரா கைகட்டி நின்ன மனுசன். திட்டுவாருன்னு பயந்துகிட்டேதான் போன்ல சொன்னேன்.”

“திட்டுனாரா?”

“‘ஒரு கால்தானா?’ன்னாரு.”