சாக்பீஸ் வட்டங்கள்

— பொறுங்கண்ணே, கயித்தை அப்படியே பிடிங்க. குளம்பைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.

— நல்ல சேதியா சொல்லுங்க டாக்டரம்மா. ஏய் துரைசானி, அசையாம நில்லு! மூணு வருஷமா மாத்திரை குடுத்து உன்னை உயிரோட வச்சிருக்கிறவங்க வந்திருக்காங்க.

— சூடு இருக்குண்ணே. போன மாசத்தைவிடக் கொஞ்சம் கூட.

— ஐயோ, அப்படின்னா?

— இந்த மாத்திரை ஸ்டீராய்டு, தோல் தடிப்பை அமுக்கும். வருஷக்கணக்கா குடுத்தா குளம்புக்கு ஆகாது. நிக்க முடியாத குதிரையை என்ன செய்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

— நிறுத்தினா உடம்பெல்லாம் வீங்கி மூச்சு முட்டுது. நிறுத்தலைன்னா காலே போயிடும். நான் எந்தப் பக்கம்தான் போறது?

— அதுக்குத்தான் பாதிப் பாதியா குறைச்சுப் பார்க்கிறோம். உங்க நோட்டைக் குடுங்க.

— இந்தாங்க. தினம் விடிஞ்சதும் முதல் வேலை இதுதான். முடிக்கு எதிர்ப்பக்கமா கையால தடவுவேன். தட்டுப்படுற தடிப்பைச் சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டு, எண்ணி எழுதிடுவேன்.

— படிச்ச ஆளுங்களே இவ்வளவு ஒழுங்கா எழுதமாட்டாங்க. நிஜமாவே நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன்... பொறுங்க. இந்தப் பத்து நாளும் சைபர் சைபரா இருக்கே? கையெழுத்தும் வேற.

— அது என் சம்சாரம் எழுதினது. முட்டி வலின்னு நான் வீட்டுல படுத்துட்டேன்ல, அப்போ அவதான் லாயத்தைப் பார்த்துக்கிட்டா.

— அண்ணிக்கு எண்ணத் தெரியுமா?

— அவளுக்கா! என் தலையில நேத்து நரைச்ச முடி எத்தனைன்னு கேளுங்க, டக்குனு சொல்லுவா.

— தீவனம், தண்ணி, வைக்கோல் ஏதாவது மாறுச்சா?

— எதுவுமே மாறல. மாத்திரையும் நீங்க சொன்ன மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில.

— நீங்க திரும்பி வந்த அன்னிக்கு நாலு. மறுநாள் ஒம்பது. அப்புறம் பதினாலு. எல்லாம் கழுத்து, தோள், விலா. அடிவயித்துல நான் தடவிப் பார்த்தப்பவும் ஒண்ணுகூட இருந்ததில்ல.

— குனிய முட்டி விடாதும்மா. அங்க என் கையே போகாது.

— கையைக் காட்டுங்க.

— என்ன, ஜோசியமா?

— தைல வாசம் தூக்குது. இது இல்லாம உங்களை நான் பார்த்ததே இல்ல, அதான் இத்தனை நாளா உறைக்கல. எப்போ பூசுவீங்க?

— எழுந்ததும் முட்டிக்கு. அப்போதான் நடக்கவே முடியும்.

— கை கழுவுவீங்களா?

— மாத்திரை எடுக்கும்போது கழுவுவேன். தடவிப் பார்க்கிறதுக்கு எதுக்குன்னு... டாக்டரம்மா, தடிப்பைத் தேடுன கையேதான் தடிப்பை உண்டாக்குச்சா?

— அப்படித்தான் தோணுது. தைலத்தை இன்னியோட விடுங்க. மாத்திரையைச் சட்டுனு விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமா முழுசா நிறுத்திடலாம். குளம்பும் தப்பிச்சிடும். அழாதீங்கண்ணே. இந்த நோட்டு இல்லன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது.

— முதல் தடவை பூஞ்சை பிடிச்ச வைக்கோலாலதானே வந்துச்சு?

— ஆமா. வைக்கோலை மாத்தினதும் பதினஞ்சே நாள்ல போயிடுச்சு. அப்புறம் வந்ததுதான் போகவே இல்ல. எந்தப் புண்ணியவான் உங்க கையில இந்தத் தைலத்தைக் குடுத்தான்?

— அது... வேணாம் விடுங்கம்மா.

— சும்மா சொல்லுங்க.

— புண்ணியவான் இல்லம்மா, புண்ணியவதி. முதல் தடவை வந்த தடிப்பு போயிடுச்சான்னு பார்க்க வந்த அன்னிக்கு, நான் நொண்டுறதைப் பார்த்துட்டு உங்க பையிலேருந்து எடுத்துக் குடுத்தீங்களே. அந்த நன்றிக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் வேற தைலத்தை நான் தொட்டதே இல்ல.