தழும்பின் ஓரம்

"ஹலோ... ஆமா சிஸ்டர், நான்தான்... இல்ல இல்ல, பேசலாம். பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வந்துட்டேன். இனிமே சாயங்காலம்தான் வேன் எடுக்கணும்... ஆமா... ஆமா, வேலைக்குப் போறேன்..."

யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் பள்ளி வேன் ஓட்டுபவள். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, தழும்பைப் பற்றி விசாரிக்க ஆஸ்பத்திரி நர்ஸ் அவ்வப்போது கூப்பிடுவாள்.

"நல்லாக் காய்ஞ்சிடுச்சு... சிவப்பு இல்ல, நீர் வடியல... கையா? தோள் வரைக்கும் தூக்க வருது. அதுக்கு மேல இழுக்குது. இன்னிக்கு ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கை வரல, வேன் கொஞ்சம் ஓரம் போயிடுச்சு... இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல... ஓட்டக் கூடாதா?... சரி. ஆபீஸ்ல சொல்லிடறேன்... சரி சிஸ்டர், இன்னிக்கே... க்ரீமா? தடவுறது நான் இல்ல. மாமியார்."

கல்யாணமான நாளிலிருந்தே மாமியாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் தினமும் சாயங்காலம் மாமியார் வந்து கதவைச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தடவிவிட்டுப் போவாள். மருமகள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

"அவங்க சின்ன மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க... இல்ல, அதுக்கப்புறம் தடவல... நானா? நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல சிஸ்டர்."

வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள்.

"இப்பவா?... சரி... இருங்க." அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "என்னங்க, பைக் சாவி டிவி மேலதான் கிடக்கு. கதவைத் தட்டாதீங்க." மறுபடி குரல் இறங்கியது. "அவர்தான்... சொல்லுங்க."

பட்டனை அவிழ்த்துக் குனிந்து பார்த்தாள்.

"பாத்துட்டேன்... கோணலா ஒரு கோடு. அக்குள் வரைக்கும் போகுது... இல்ல, அழுகை வரல. எதுவும் வரல... ரெண்டு விரலா?... ம்... வட்டமா... தோல் நகரணுமா? அடியோட ஒட்டிக்கிட்டிருக்கே... ஆமா, மெதுவாத்தான்... வலிக்கல. தொடறதே தெரியல, மரக்கட்டை மாதிரி இருக்கு... ஓ, நரம்பை வெட்டினதாலயா... உணர்ச்சி திரும்ப வருமா?... வராமலும் போகலாம்... சரி. பூசி மெழுகாம சொன்னீங்களே, அது போதும்."

விரல்கள் கோட்டின் மேல் சுற்றிக்கொண்டே போயின. ஓரிடத்தில் நின்றன.

"சிஸ்டர்... அக்குள் பக்கம், இந்த ஓரம் மட்டும் மெத்துனு இருக்கு. தோல் நகருது... ஆமா... ஆமா, நல்லாவே நகருது... நான் ஒண்ணும் பண்ணல. அவங்கதான். இங்கேயே ரொம்ப நேரம் தேய்ச்சிருக்காங்க போல... எனக்கு எப்படித் தெரியும்? அவங்க கை பட்டதே தெரியாதே."

விரல்கள் அங்கேயே இருந்தன.

"இருக்கேன் சிஸ்டர், லைன்லதான் இருக்கேன்... இல்ல, அழல... தினமும் ரெண்டு வேளை, சரி... வைக்கட்டுமா? அவங்களுக்கு ஒரு ஃபோன் போடணும்... பேச என்ன இருக்கு? எப்ப வர்றீங்கன்னு கேக்கணும்... ஆமா... இத்தனை வருஷத்துல அதை நான் கேட்டதே இல்ல."

இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாமியாரின் எண்ணைத் தேடினாள்.