காரில் வைத்த மாத்திரை

– எங்க வீட்டுக்காரரு பதினாறாம் நாளுக்கும் வராம இருப்பீங்களா கன்னையா அண்ணே? ஊரே வந்துச்சு. பந்திங்லேர்ந்து எங்க பெரியம்மா வீல்சேர்ல வந்துச்சு.

– வந்தேன் தங்கச்சி. சத்தியமா வந்தேன். உங்க லோரோங் சந்து முனையில காரை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். எறங்க முடியலலா.

– ஏன், காலுக்கு ஏதாச்சுமா?

– கால் நல்லாத்தான் இருக்கு. உன் மொகத்தைப் பார்க்க மொகம் இல்ல. பரமுவைக் கொன்னது நாந்தான் அமுதா.

– என்ன பேச்சு இது? அவரு விழுந்தாரு, போனாரு. உங்க பக்கத்துல விழுந்தாருங்கறதுக்காக நீங்க தள்ளிவிட்டதா ஆயிருமா?

– தள்ளலலா. அதுக்கு முந்தியே வாயால தள்ளிட்டேன். அந்த இருமலு ஞாபகம் இருக்கா?

– ஞாபகமா? ஏழு மாசம் இந்த வீட்டுல குடியிருந்துச்சு அது. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, தொண்டையில கோழி எறகு விட்டாப்பல லொக்கு லொக்குன்னு. இஞ்சி, கற்பூரவள்ளி, சீன மருந்துக்கடை சிரப்பு, எதுக்கும் மசியல. நாடகத்துல ஒரு வசனத்தை நான் முழுசாக் கேட்டதில்ல.

– நீ நாடகத்தைச் சொல்ற. அவனுக்குப் பொழப்பே போச்சு. நாங்க டாக்சி ஓட்டுன காலம்னா இருமிட்டுப் போலாம். இப்ப எல்லாம் போன்ல ஆப்பு வச்சுத்தானே சவாரி. ஏறுறவன் மாஸ்க்கை மேல இழுப்பான். 'அங்கிள், கோவிட்டா?'ம்பான். ஒரு பொண்ணு பெட்டாலிங் ஜெயாவுல பாதி வழியில எறங்கிப் போயிருச்சு. போயி ஒத்த ஸ்டார் போட்டுச்சு. அன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பாட்டை வச்சுக்கிட்டு, அந்த ஸ்டாரையே பார்த்துக்கிட்டிருந்தான்.

– எங்கிட்ட சொல்லவே இல்லையே.

– எங்கிட்ட சொன்னான். நான் பெரிய டாக்டர் மாதிரி ஆரம்பிச்சேன். 'பரமு, அது நெஞ்சுக்கும் பிரஷருக்கும் குடுத்த மாத்திரையோட வேலைலா. கேரி தீவுல என் மச்சான் இப்படித்தான் இருமுனான். மாத்திரைய நிப்பாட்டுனான், இருமலும் நின்னுபோச்சு. நீயும் நிப்பாட்டிப் பாரு'ன்னு.

– அப்ப அந்த யோசனை உங்களுதா?

– என்னுதுதான். திட்டு. செருப்பு வாசல்லதான் கெடக்கு, எடுத்துக்க.

– உங்க செருப்பைத் தொட்டா நாந்தான் குளிக்கணும். மேல சொல்லுங்க.

– சீனப் பெருநாள் லீவுல நிப்பாட்டுனான்.

– அது தெரியும். மாத்திரை அட்டை கொறையாமக் கெடந்துச்சு, கேட்டேன். 'ஸ்டென்ட் வச்சு உசுரு குடுத்தாரு கிள்ளான் டாக்டர், அவரு குடுத்த மாத்திரைய நிப்பாட்ட நீங்க யாரு?'ன்னு சாமியாடிட்டேன். ஒழுங்கா முழுங்குறேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. மறுநாளும் அட்டை அப்படியே கெடந்துச்சு.

– நீ சாமியாடுனதுதான் அவனுக்குப் பயம். பத்து நாள்ல எனக்கும் பயம் வந்துருச்சு. நெஞ்சு வெவகாரமாச்சே, நாம சொல்லிக் கேட்டுட்டானேன்னு. இழுத்துக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ்லயே ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வஞ்சாரு. 'அந்த மாத்திரை சில பேருக்கு இருமல் குடுக்கும், உண்மைதான். அதைச் சொன்னா மாத்திக் குடுப்போம்ல, நீங்களா நிப்பாட்டலாமா?'ன்னு. வேற மாத்திரை எழுதுனாரு. இருமல் அடங்க ஒரு மாசம்கூட ஆகும், பொறுத்துக்கன்னாரு.

– வேற மாத்திரையா? என் கண்ணுல படவே இல்லையே.

– வீட்டுக்குக் கொண்டாந்தாத்தானே. 'அமுதா பார்த்தா கிள்ளான் டாக்டருக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு ஆடுவா'ன்னு கார்லயே வச்சுக்கிட்டான். தெனம் மொத சவாரிக்கு முந்தி என் முன்னாலதான் ஒண்ணு போடுவான். இந்தா, அந்தப் பை. அவன் காரை விக்கப் போறேன்னு போன்ல சொன்னியே, அதான் எடுத்து வச்சேன்.

– ஒழுங்காப் போட்டாரா?

– ஒரு நாள் தப்பல. ஆனா அந்தப் பத்து நாள் இருக்கே, எதுவுமே இல்லாம இருந்த பத்து நாள், அதுலதான் நெஞ்சு கெட்டிருக்கும்லா. இல்லன்னா சாப்பிட்டு எந்திரிச்ச மனுசன் 'தலை சுத்துதுடா'ன்னு லோங்காங் ஓரத்துல சாய்வானா? அந்தக் கால்வாய்க் கட்டையில தலை பட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆம்புலன்ஸ்காரன் பிரஷர் பார்த்துட்டு, என்ன இவ்வளவு எறங்கியிருக்குன்னான். நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா...

– அழாதீங்கண்ணே. இங்க பாருங்க. அந்தப் பத்து நாளும் அவருக்கு மாத்திரை உள்ள போயிருக்கு.

– எப்படி?

– அவருதான் நிப்பாட்டுனாரு, நான் நிப்பாட்டல. அட்டை கொறையலன்னு தெரிஞ்சதும், ஆஸ்பத்திரியில குடுத்த அடுத்த மாசத்து அட்டையைப் பிரிச்சேன். கரண்டியால நசுக்கி அவரு கோப்பியில கலக்கிட்டேன். பால் போடாத கோப்பி, கசப்போட கசப்பாப் போயிரும். அவருக்குத் தெரியாமக் குடுக்குறோமேன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. இப்ப பாருங்க, அதுவே நல்லதாப் போச்சு. உங்க பேச்சால ஒண்ணும் ஆகல. வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்க.

– பத்து நாளும் கலந்தியா?

– பத்து நாள் என்ன, கடைசி நாள் வரைக்கும். அன்னிக்குக் காலையிலயும் கலந்தேன்.

– அப்ப ரெண்டுமா? ஒரே காலையிலயா?

– வீட்டுல என்னுது, கார்ல உங்களுது. ரெண்டு காவல் இருந்தும் போயிட்டாருன்னா அது அவரு விதி. நீங்க என்ன பண்ணுவீங்க, நான் என்ன பண்ணுவேன்? ஏன் அந்தப் பையையே பார்க்குறீங்க?

– ஒண்ணுமில்ல. அந்தப் பையை இப்படிக் குடு. போற வழியில குப்பையில போட்டுர்றேன்.

– இருங்க, இப்பத்தானே குடுத்தீங்க. மேல என்னமோ எழுதியிருக்கு. என் கண்ணாடி உள்ள கெடக்கு, நீங்க படிங்க.

– தெனம் ஒண்ணு. காலையில. சாப்பிட்ட பொறவு.

– அது அச்சடிச்சது. அதுக்குக் கீழ, சிவப்பு மையில?

– அது நர்ஸ் எழுதுனது. சும்மா எழுதுவாங்க.

– சும்மா எழுதுனதையும் படிங்க.

– பழைய மாத்திரையும்...

– பழைய மாத்திரையும்?

– பழைய மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாம், பரவால்லன்னு போட்டிருக்குலா. வேற ஒண்ணுமில்ல தங்கச்சி. நான் கெளம்புறேன்.

– உக்காருங்கண்ணே. கண்ணாடி இல்லாட்டியும் மொத சொல்லு பெருசாத் தெரியுது. ஜாங்கான். இந்த ஊர்ல பொறந்தவளுக்கு மலாய்ல ஜாங்கான்னா கூடாதுன்னு தெரியாதா? மிச்சத்தையும் படிங்க. நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியணும்.